இயங்கலைப் பாதுகாப்புப் பயிற்சி: முதலில் தேர்வைத் திருத்துங்கள்

கேள்வி: பாயான் லெப்பாசில் மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் தொழிற்சாலையில், பயிற்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். வருடாந்திரப் பாதுகாப்புப் பயிற்சியை இயங்கலைக்கு மாற்றிவிட்டோம். காது கேளாத இருவர், பார்வை குறைந்த ஒருவர், மலாய் வாசிக்கச் சிரமப்படும் மூத்த ஆப்பரேட்டர் அக்கா ஒருவர் என நான்கு பேர் தேர்வில் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள். வேலையில் நால்வருமே கெட்டிக்காரர்கள். மென்பொருள் விற்றவர், "எங்கள் தளம் எல்லாருக்கும் ஏற்றது" என்கிறார். மேலாளரோ, "தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடு" என்கிறார். செலவுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, பினாங்கு

பதில்: வேலையில் கெட்டிக்காரர்கள், தேர்வில் மட்டும் தவறுகிறார்கள் என்றால், அந்தத் தேர்வு வேலையை விட்டுவிட்டு வேறு எதையோ அளக்கிறது. அதனால் நான் பாடத்திலிருந்து தொடங்க மாட்டேன், தேர்விலிருந்துதான் தொடங்குவேன். பெரும்பாலான நிறுவனங்கள் காணொளிக்கு வசன வரி போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. பாடம் அரைகுறையாகப் புரிந்தாலும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். தேர்வில் அதற்கு வழியில்லை. ஆள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

உங்கள் தேர்வை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இதற்குச் சரியான விடை தெரிந்தவர், தளத்தில் என்ன செய்யும்படி இது கேட்கிறது? 'அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது' என்பது நியாயமான கேள்வி. அதற்குப் படத்தில் ஒரு சின்ன அம்புக்குறியை மவுசால் இழுத்துப்போய்ச் சரியான இடத்தில் விட வேண்டும் என்று வைத்தால், அங்கே சோதிக்கப்படுவது கண்ணும் கையும். 'கீழ்க்கண்டவற்றுள் எது செய்யக்கூடாதது அல்ல' என்ற மாதிரிக் கேள்வி இருந்தால் தயங்காமல் தூக்கிவிடுங்கள். மலாயில் தேர்ந்தவரே அதை இரண்டு முறை வாசிப்பார். சிவப்புப் பட்டை ஆபத்து, பச்சைப் பட்டை பாதுகாப்பு என்று நிறத்தை மட்டும் காட்டிக் கேட்கும் கேள்வியிலும் சிக்கல் உண்டு. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். நிறத்தோடு ஒரு சொல்லோ வடிவமோ சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் நேரக் கட்டுப்பாடு. பாதுகாப்புத் தேர்வுக்கு எதற்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு? பெரும்பாலும் யாரும் யோசித்து வைத்ததாக இருக்காது, மென்பொருளில் முன்கூட்டியே இருந்த எண் அப்படியே தொடர்ந்திருக்கும். டபிள்யூசிஏஜி எனப்படும் பன்னாட்டு இணைய அணுகல் வழிகாட்டி, நேர எல்லை இருந்தால் பயனர் அதை நிறுத்தவோ நீட்டிக்கவோ வழி வேண்டும் என்கிறது. நேரமே அந்தச் செயலுக்கு இன்றியமையாதது என்பது போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு. 2023 அக்டோபரில் வந்த அதன் 2.2 பதிப்பு, இழுத்துப் போடும் வேலைகளுக்கு வெறும் கிளிக்கில் முடிக்கும் மாற்று வழியும் வேண்டும் என்று சேர்த்திருக்கிறது. மூடில் (Moodle) போன்ற இயங்கலைப் பயிற்சித் தளங்களில், குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிக் கொடுக்கும் வசதி உண்டு. ஆனால் எல்லாருக்கும் எடுத்துவிடுவதே நல்லது என்பேன். 'எனக்கு மட்டும் கூடுதல் நேரம்' என்று யாரும் போய்க் கேட்டு நிற்க வேண்டாம்.

உங்கள் ஆப்பரேட்டர் அக்காவுக்கு இதற்கும் மேலே ஒரு வழி உண்டு. 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஊழியருக்குத் தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றைத் தர வேண்டிய கடமையை முதலாளிமேல் வைக்கிறது. கணினியில் கிளிக் செய்து இத்தனை மதிப்பெண் எடுத்தாக வேண்டும் என்று அந்தப் பிரிவு எங்கும் கேட்கவில்லை. லைனில் நிறுத்தி, "இயந்திரம் சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்கலாம். சூப்பர்வைசர் ஒரு சரிபார்ப்புத் தாளில் குறித்துக் கையெழுத்துப் போடட்டும். என்னைக் கேட்டால், பத்துக் கேள்விக்கு விடை தட்டுவதைவிட இதுதான் உண்மையான சோதனை. விளக்கம் தமிழில் நடந்தாலும் தப்பில்லை. அடைபட்ட இடங்களில் வேலை செய்வோருக்குத் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரக் கழகமான நியோஷ் நடத்துவது போன்ற சான்றிதழ்த் தேர்வுகள் வேறு, அங்கே அவர்கள் விதிதான். உங்கள் வருடாந்திரப் பயிற்சி உங்கள் கையில் இருப்பது.

காது கேளாத இருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் சறுக்கும் இடம் இது. வசன வரி தேவைதான். தானியங்கியாக வருவதை அப்படியே விடாதீர்கள். நம் பயிற்சியாளர்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும்போது அது கண்டபடி எழுதித்தள்ளும், இயந்திரங்களின் பெயர்களைக் குதறிவிடும். ஒருவர் உட்கார்ந்து திருத்தியாக வேண்டும். அப்படித் திருத்தினாலும், பிறவியிலிருந்தே காது கேளாத பலருக்கு முதல் மொழி சைகை மொழி, எழுத்து மலாய் இரண்டாம் மொழி. மலேசிய சைகை மொழிக்கு அதற்கே உரிய இலக்கணம் உண்டு, கையால் காட்டும் மலாய் என்று அதை நினைத்துவிடக் கூடாது. 2008ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டமும் அதை அங்கீகரிக்கிறது. ஆகவே முக்கியமான பகுதிகளுக்காவது சைகை மொழிபெயர்ப்பாளரைப் பதிவு செய்து காணொளியில் சேர்த்துவிடுங்கள். மூலையில் தபால்தலை அளவில் வைத்தால் விரல் அசைவு தெரியாது.

மொழிபெயர்ப்பாளரை அழைப்பதற்கு முன், அந்த இருவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். இயந்திரங்களுக்கும் ஆபத்துகளுக்கும் லைனில் அவர்கள் ஏற்கனவே ஏதோ சைகை வைத்துப் பழகியிருப்பார்கள். தஞ்சோங் பூங்காவில் 1954-இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியை ஒட்டி வளர்ந்த பினாங்குச் சைகைகளும் மூத்தவர்களிடம் இருக்கலாம். வெளியிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளருக்கு இதெல்லாம் தெரியாது. அந்தச் சொல்தொகுதியை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு பதிவு செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நேரலையாக ஸூமில் வகுப்பு நடந்தால் இன்னொன்று: காது கேளாதவரால் சிலைடையும் மொழிபெயர்ப்பாளரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. சிலைடைப் போட்டுவிட்டுச் சில விநாடி வாயை மூடிக்கொண்டு இருங்கள். பயிற்சியாளர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும்.

பார்வை குறைந்தவருக்கு வேண்டியவற்றில் பாதியை நீங்களே செய்துவிடலாம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச்சாம்பல் எழுத்து அழகாகத்தான் இருக்கும், அவருக்குத் தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி மாறுபாடு வேண்டும், அதைக் கணக்கிட்டுக் காட்டும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கும். திரையை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் எழுத்து வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம், திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். பவர்பாயிண்டிலிருந்து பிடிஎஃப் எடுக்கும்போது அச்சிடும் வழியில் போகாமல், பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் வழியில் எடுங்கள். அச்சு வழியில் போனால் தலைப்பு, பட்டியல் என்ற உள் அமைப்பு தொலைந்துவிடும். தமிழ் அறிவிப்புகள் இருந்தால் அவை யூனிகோடில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். நம் அலுவலகங்களில் இன்னும் அப்படிப்பட்ட கோப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

விற்பனையாளரிடம் வாதாட வேண்டாம், செய்து காட்டச் சொல்லுங்கள். அவருடைய மாதிரிப் பாடம் வேண்டாம், உங்கள் தேர்வையே திறக்கச் சொல்லுங்கள். மவுசைக் கழற்றிவிட்டு டேப், என்டர், அம்புக்குறி விசைகளால் மட்டும் முதல் கேள்வியிலிருந்து சமர்ப்பிக்கும் பொத்தான் வரை போகட்டும். பிறகு ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை. கடைசியாக, விண்டோசுக்கு இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை ஓடவிட்டு ஒருமுறை. 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று மட்டும் கேட்டால், பொத்தான்களுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை என்று அர்த்தம். தளம் உண்மையிலேயே நன்றாக இருந்து, அதன் உள்ளே நீங்கள் ஏற்றிய பாடம் மோசமாக இருக்கவும் கூடும். இரண்டையும் பிரித்துப் பாருங்கள், பாடம் உங்கள் பொறுப்பு. முடிந்தால், நாள்தோறும் திரைவாசிப்பான் வைத்து வேலை செய்யும் ஒருவரைக் கொண்டு சோதியுங்கள். பாகான் ஜெர்மால் சாலையில் இருக்கும் செயின்ட் நிக்கலஸ் இல்லம் பார்வையற்றோருக்காகவே 1926-இல் தொடங்கப்பட்டது, அங்கே விசாரித்துப் பார்க்கலாம். வருபவருக்குக் கட்டணம் கொடுங்கள், சேவையாக எதிர்பார்க்காதீர்கள்.

மேலாளர் சொல்வது இந்த மாதத்துக்குச் சரி. தேர்வைத் திருத்தி முடிக்கும் வரை தனியாகச் சொல்லிக்கொடுங்கள். நிரந்தர ஏற்பாடாக அதை ஒத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வேலை மாறிப் போனால் அந்த ஏற்பாடும் உங்களோடு போய்விடும். தளத்தில் அந்த நால்வர் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்றே இருக்கும், பதவி உயர்வுக்குப் பட்டியல் எடுக்கும்போது அதுதான் கண்ணில் படும். செய்துகாட்டித் தேறினால் அதையும் தளத்தில் 'தேர்ச்சி' என்றே பதிவு செய்யுங்கள், 'சிறப்புச் சலுகை' என்று குறிப்பு எழுத வேண்டாம்.

செலவைப் பற்றி. மலேசிய ஊழியர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் உங்கள் நிறுவனம் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப்புக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டிக்கொண்டிருக்கும். மொழிபெயர்ப்பாளர் செலவைப் பயிற்சிச் செலவில் சேர்க்க முடியுமா என்று விண்ணப்பத்துக்கு முன்பே அவர்களிடம் கேளுங்கள். உடற்பேறு குறைந்த ஊழியருக்காக வாங்கும் கருவிச் செலவுக்கு வருமான வரியில் கழிவு உண்டு, அவர்கள் சம்பளத்துக்கு இரட்டைக் கழிவும் உண்டு. நிபந்தனைகளைக் கணக்காளர் பார்த்துச் சொல்லட்டும். மேலாளரிடம் இந்தப் பேச்சை முதலில் எடுத்தால் மற்றவை சுலபமாக நடக்கும்.

ஓகேயு அட்டையை, அதாவது உடற்பேறு குறைந்தோருக்கான அடையாள அட்டையை, காட்டினால்தான் வசதி என்று விதி வைத்துவிடாதீர்கள். அந்தப் பதிவு கட்டாயம் இல்லை, பலர் எடுப்பதில்லை. பயிற்சிக்குப் பெயர் பதியும் படிவத்தில் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பயிற்சியை முடிக்க உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு வேண்டுமா? வசன வரி, சைகை மொழி, பெரிய எழுத்து, தமிழில் விளக்கம், செய்துகாட்டும் தேர்வு என்று கட்டங்கள் போட்டுவிடுங்கள். நோய் என்ன, குறை என்ன என்று கேட்க வேண்டாம். உடல்நலத் தகவல் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நுண்ணுணர்வுத் தரவு, அதைச் சேர்த்து வைத்தால் பாதுகாக்கும் பொறுப்பும் உங்கள் தலையில். நீங்கள் எழுதிய நால்வரைத் தவிர இன்னும் சிலர் அந்தக் கட்டங்களில் குறி போடுவார்கள் என்றே நினைக்கிறேன், மொழிபெயர்ப்பாளரிடம் தேதி வாங்கும் முன் அந்தப் படிவத்தை அனுப்பிவிடுங்கள்.