பழைய ஃபார்கோ லாரிக்குள் இருப்பது எந்த என்ஜின்? ஸ்ட்ரோக்கை அளந்தால் தெரியும்

தாத்தா காலத்து ஃபார்கோ லாரி, 1950களில் வந்தது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், என்ஜின் விவரம் எழுதிய பிளேட் இல்லை, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணை சிலிண்டர்கள் அடங்கிய பிளாக்கில் காணோம், ஒருவர் டாட்ஜ் என்கிறார், இன்னொருவர் ஷெவர்லே என்கிறார், எதை நம்புவது? இதுதான் உங்கள் கேள்வி.

பிளாக்கை மேலே மூடும் ஹெட் தட்டையாக இருக்கிறது, ஆறு பிளக்கும் அதன் மேலேயே வரிசையாக நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஷெவர்லேயை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து ஷெவர்லே ஆறு சிலிண்டரில் வால்வுகள் ஹெட்டில் இருக்கும். மேலே நீளமாகத் தகர மூடி, பிளக்குகள் பக்கவாட்டில். உங்களுடையதில் வால்வுகள் பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. டாட்ஜைச் செய்த அமெரிக்கக் கம்பெனியான கிரைஸ்லரின் ஆறு சிலிண்டர் அமைப்பு அது. ஃபார்கோவும் கிரைஸ்லருடைய வண்டிதான். டாட்ஜ் லாரிக்கே வேறு பெயர் மாட்டியது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இரண்டையும் பூட்டி விற்றது.

ஆனால் டாட்ஜ் என்று தெரிந்தால் மட்டும் பிஸ்டன் வாங்க முடியாது. எந்த டாட்ஜ் என்பதுதான் விஷயம்.

முதலில் டேப்பை எடுத்து ஹெட்டின் நீளத்தை அளந்து பாருங்கள். 23 இஞ்ச் சொச்சம் வரும், அல்லது 25 இஞ்ச் சொச்சம் வரும். அமெரிக்காவில் செய்த பிளைமவுத்தும் சிறிய டாட்ஜும் 23. கிரைஸ்லரின் மற்ற வண்டிகளான டிசோட்டோ, கிரைஸ்லர், பெரிய லாரிகள், கனடா ஆலையிலிருந்து வந்தவை எல்லாம் 25. இந்த ஓர் அளவே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்தது எண். பிளாக்கின் இடப்பக்கம், முன்மூலையில், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே, டைனமோவுக்கு மேலாக ஒரு தட்டையான மேடை இருக்கும். என்ஜின் எண்ணை அங்கேதான் குத்தியிருப்பார்கள். லாரி என்ஜின் என்றால் எண்ணின் முன்னால் பெரும்பாலும் ‘டி’ எழுத்து வரும். பல தடவை பெயின்ட் அடித்திருந்தால் ஒன்றும் தெரியாது. தயவுசெய்து கிரைண்டரைக் கொண்டு போகாதீர்கள்! குத்திய ஆழம் மிகக் குறைவு, ஒரு தேய்ப்பில் எண் நிரந்தரமாகப் போய்விடும். பெயின்ட் ரிமூவர் தடவி, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்பீஸைத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் எண் வேறு. அது வார்ப்பு எண். ஒரே வார்ப்பிலிருந்து பல மாடல்கள் வந்திருக்கும், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

எண்ணே அழிந்துபோயிருந்தாலும் கவலையில்லை. நான் எப்போதும் நம்புவது ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை. போரை, அதாவது சிலிண்டரின் விட்டத்தை, நம்ப முடியாது. இவ்வளவு வருடம் ஓடிய வண்டியில் சிலிண்டரைக் குடைந்து, இஞ்ச்சில் ஆயிரத்தில் இருபது, நாற்பது, அறுபது பங்கு என்று ரீபோர் ஏறியிருக்கும். கிராங்கை மாற்றினாலொழிய ஸ்ட்ரோக் மாறாது. கிரைஸ்லர் ஹெட்டில் இதற்கு அருமையான வசதி உண்டு. கடைசி சிலிண்டருக்கு, அதாவது ஆறாவதற்கு மேலே, சிறிய திருகு மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, ஒரு முழ நீளமுள்ள நேரான வெல்டிங் கம்பியை பிஸ்டன் மேல் படும்படி இறக்குங்கள். ஆறு பிளக்கையும் கழற்றிவிட்டு ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். கம்பி செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும், எங்காவது பிடித்தால் உடனே நிறுத்துங்கள். மேலே ஏறி நிற்கும்போது ஒரு கோடு, கீழே போய் நிற்கும்போது ஒரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் ஸ்ட்ரோக். என்ஜின் ஜாம் ஆகியிருந்தால் சிலிண்டர்களில் ஆயில் ஊற்றி ஊறவிடுங்கள், பலம் போட்டுச் சுற்ற வேண்டாம்.

23 இஞ்ச் பிளாக்காக இருந்து ஸ்ட்ரோக் நாலு இஞ்ச் மூணு நூல் (எட்டு நூல் ஒரு இஞ்ச்) வந்தால் அது 218 கன இஞ்ச் கொள்ளளவுள்ள என்ஜின். நாலு இஞ்ச் அஞ்சு நூல் என்றால் 230. இரண்டுக்கும் போர் ஒன்றுதான், மூணேகால் இஞ்ச். அதனால்தான் போரை மட்டும் அளப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். 25 இஞ்ச் பிளாக்கில் நாலரை வந்தால் 251, நாலேமுக்கால் வந்தால் 265. கனடாவின் 218-க்கு நாலு இஞ்ச் அரை நூல்தான்.

வேறு அளவு வந்தால் போர் × போர் × 0.7854 × ஸ்ட்ரோக் × 6 என்று பெருக்கிப் பாருங்கள், கன இஞ்ச் தெரியும். ஃபோர்டும் இதே மாதிரி தட்டை ஹெட் ஆறு சிலிண்டர் செய்தது, போர் 3.3, ஸ்ட்ரோக் 4.4, கணக்கு 226-ல் வந்து நிற்கும்.

ஆர்.சி.யில் எரிபொருள் டீசல் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்நாளில் பெட்ரோல் லாரிகளில் பெர்கின்ஸ் பி6 டீசல் ஏற்றுவது வழக்கம். சென்னை செம்பியத்தில் சிம்சன் ஆலை செய்த என்ஜின்கள் அவை. மூணரை போர், அஞ்சு இஞ்ச் ஸ்ட்ரோக், 4.73 லிட்டர். உங்கள் லாரியில் இடையில் அது ஏறி இறங்கியிருந்தால், எண் பொருந்தாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். என்ஜின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால், எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். 23-க்கு வருவது 25-க்குப் பொருந்தாது. நீளம், ஸ்ட்ரோக், மேடையில் உள்ள எண் மூன்றையும் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.