பந்து சரியாகத்தான் விழுந்தது

கேள்வி: காரைக்குடியில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஆயா வீட்டு மாடியிலிருந்து முற்றத்துக்குப் பந்தைப் போட்டேன். உயரம் 4.9 மீட்டர். போன் ஸ்டாப்வாட்ச்சில் 1.15 விநாடி. 4.9-ஐ 1.15-ஆல் வகுத்தால் வேகம் 4.26, அதை மறுபடி 1.15-ஆல் வகுத்தால் முடுக்கம் 3.7. புத்தகத்தில் 9.8 என்கிறார்களே?

பதில்: இரண்டு தப்பு இருக்கிறது. முதலாவது கணக்கில். 4.26 என்பது சராசரி வேகம். பந்து சுழியத்தில் தொடங்கிச் சீராக வேகம் பிடிக்கிறது. அதனால் தரையைத் தொடும்போது அதன் வேகம் சராசரியைப் போல இரண்டு மடங்கு. ஆக, முடுக்கம் = 2 × உயரம் ÷ நேரத்தின் வர்க்கம். உங்கள் அளவுகளைப் போட்டால் 7.4 வரும். பாதிக் கிணறு தாண்டியாச்சு.

மீதி, விரல் செய்த வேலை. 4.9 மீட்டர் விழ 1 விநாடிதான் ஆகும். பந்து தரையில் பட்டதைப் பார்த்து நாம் பொத்தானை அமுக்குவதற்குள் 0.2 விநாடி வரை ஓடிவிடும். நேரத்தை வர்க்கப்படுத்துகிறோம் அல்லவா, அதனால் 15 சதவீதம் கூடிய நேரம் விடையில் 24 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. பத்து தடவை போட்டுச் சராசரி எடுத்தாலும் பெரிதாகத் தேறாது. விரல் எப்போதும் ஒரே பக்கம்தான் பிந்துகிறது.

போனில் ஸ்லோமோஷன் இருந்தால் வீடியோ எடுங்கள். விநாடிக்கு 240 பிரேம் என்றால், கையை விட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை பிரேம்களை எண்ணி 240-ஆல் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். காற்றில் தத்தளிக்கும் லேசான பிளாஸ்டிக் பந்து வேண்டாம், கனமானது நல்லது. ஆனால் கீழே சாக்கை மடித்துப் போட்டு, உயரத்தைச் சாக்கின் மேலிருந்து அளந்துகொள்ளுங்கள். ஆத்தங்குடி கல்லில் கீறல் விழுந்தால் ஆயாவுக்கு யார் பதில் சொல்வது?

ஸ்லோமோஷன் இல்லையா? கொத்தனாரின் தூக்குக்குண்டை வாங்குங்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான். குண்டின் நடுவரை சரியாக 1 மீட்டர் வருமாறு தொங்கவிட்டு, லேசாக ஆட்டி, 20 முறை போய்வர ஆகும் நேரத்தைப் பாருங்கள். 40 விநாடியை ஒட்டி வரும். இங்கேயும் விரல் பிந்தும்தான்; ஆனால் 40 விநாடியில் 0.2 எந்த மூலைக்கு? அந்த நேரத்தை 20-ஆல் வகுத்தால் ஓர் அலைவு நேரம். 39.5-ஐ (1 மீட்டர் நீளத்துக்கு 4π² × நீளம்) அதன் வர்க்கத்தால் வகுங்கள், முடுக்கம் கிடைத்துவிடும்.

அப்புறம், விடை 9.78 என்று வந்தால் திருத்தாதீர்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் அதுதான் சரி, 9.83 வேண்டுமென்றால் துருவத்துக்குத்தான் போகவேண்டும்.