அலுமாரியில் மடித்து வைத்த வெள்ளை அங்கி

கேள்வி:

அன்புள்ள அக்கா, என் மூத்த மகனுக்கு 15 வயது, தரம் 10இல் படிக்கிறான். ஒன்பது வயதில் புதுநன்மை (முதல் தடவை நற்கருணை) எடுத்த அடுத்த மாதமே, பூசையில் குருவானவருக்கு உதவுகிற பீடப்பணியாளனாகச் சேர்ந்தவன். ஞாயிறு விடிய நான் எழுப்ப முன்னமே எழும்பிக் குளித்துவிட்டு நிற்பான். போன ஆவணியில் எங்கள் பங்குத் திருவிழா. நற்கருணைப் பெருவிழா அன்று பின்னேரம் முதல் தடவையாக அவன் கையில், சங்கிலியில் தொங்குகிற, கரி கனலும் தூபக் கலசத்தைக் கொடுத்தார்கள். பீடத்துப் படியில் வைத்துக் கரி கொட்டுப்பட்டுவிட்டது. கம்பளத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு ஓட்டை. எல்லாம் முடிந்த பிறகு, ஆலயத்தில் பொறுப்பாக இருக்கிற ஒரு பெரியவர் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் "கை நடுங்கிறவனுக்கு ஏன் தூபம்?" என்று ஏசியிருக்கிறார்.

அதோடு ஏழு கிழமையாகப் பீடத்துக்குப் போகிறானில்லை. ஞாயிறு காலையில் கணித ரியூசன் இருக்கிறது என்கிறான். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சைதானே, நல்லதாய்ப் போச்சு என்கிறார் அவனுடைய அப்பா. மாமிக்கு 75 வயது. பீடத்தில் நெருப்பு விழுந்தது நல்லதுக்கில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறா. போகாவிட்டால் பீடத்தில் போடுகிற வெள்ளை அங்கியைத் திருப்பிக் கொடு என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கொடுக்கிறானில்லை. தானே தோய்த்து மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறான். இதற்குள் 10 வயது மகள், "அண்ணா போகாட்டி நான் போறன்" என்று நிற்கிறாள். மகனை வற்புறுத்தி அனுப்புவதா, அப்படியே விட்டுவிடுவதா?

— ஒரு தாய், யாழ்ப்பாணம்

பதில்:

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அந்த அங்கியில்தான் வந்து நின்றேன். வேண்டாம் என்று முடிவெடுத்த பிள்ளை அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிடும், இல்லாவிட்டால் கதிரையில் எறிந்துவிட்டுப் போகும். தானே தோய்த்து மடித்து வைத்திருக்கிறவன் இன்னும் பீடத்தை விடவில்லை. அவனுக்கு வெட்கம். 15 வயதில் வெட்கம் என்பது காய்ச்சலைவிட மோசம், மருந்துக் கடையில் அதற்குக் குளிசையும் இல்லை. ரியூசன் அவன் போர்த்திக்கொண்டிருக்கிற போர்வை. அதைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

வேறு எதையும் செய்ய முன்னம் ஒரு காரியம் இருக்கிறது. ஒருநாள் ஆறுதலாக இருக்கும்போது, அப்பாவும் அப்பம்மாவும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "அந்த ஏச்சைத் தவிர வேறு ஏதும் நடந்ததா?" என்று ஒரேயொரு தரம் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கரி கொட்டியதுதான் காரணம் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த இடத்துக்குத் திடீரென்று போக மறுத்தால், அந்தக் கேள்வியைப் பெற்றவர்கள் கேட்டே ஆகவேண்டும். அது ஆலயமாக இருந்தாலும் சரி, பள்ளிக்கூடமாக இருந்தாலும் சரி, ரியூசன் கொட்டிலாக இருந்தாலும் சரி. அவன் சொல்வதில் ஏதாவது உங்களைக் கலங்கவைத்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எடுக்கலாம். பங்கின் பெயர் கெட்டுவிடும் என்று யோசிக்காதீர்கள். பிள்ளைதான் முதல்.

ஒன்றுமில்லை என்றால் மனம் ஆறும். அதன் பிறகு கரியைப் பற்றிக் கதைக்கலாம்.

தூபக் கலசத்தை நீங்கள் எப்போதாவது கையில் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் தூக்கியிருக்கிறேன். பார்க்கிறதற்குத்தான் இலேசு. மூன்று சங்கிலி கிண்ணத்தைத் தாங்கும், நாலாவது சங்கிலி மூடியைத் தூக்கும். இடது கை மேல் வளையத்தை நெஞ்சோடு பிடிக்க வேண்டும், வலது கை மூடிக்குக் கொஞ்சம் மேலே சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். குருவானவர் சாம்பிராணி போடுகிறதற்காக மூடியைத் தூக்குவார்கள். போட்டு முடிந்ததும் மூடி திரும்ப வடிவாக இறங்கி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அசைய வேண்டும். சிரட்டைக் கரியை நிறையப் போட்டால் மூடி இறங்காது. புகை வரவில்லையே என்று கடைசி நேரத்தில் இன்னும் இரண்டு கரியைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரம் படியில் முழந்தாளில் இருந்து எழும்பினால் பெரியவர்களுக்கே கொட்டுப்படும். கரியைப் பூசை தொடங்க ஒரு கால் மணித்தியாலத்துக்கு முன்னமே பற்றவைத்து, நன்றாகக் கனன்ற பிறகு அளவாகப் போட வேண்டும். இதையெல்லாம் உங்கள் மகனுக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? ஆலயம் நிறைந்த சனத்துக்கு முன்னால்தான் முதல் தரம் பிடித்தானா? அப்படியென்றால் பிழை அவனுடைய கையில் இல்லை, பழக்காமல் கொடுத்தவர்களிடம் இருக்கிறது. கை நடுங்கியது என்றால், தான் எதற்கு முன்னால் முழந்தாளில் இருக்கிறேன் என்று தெரிந்த பிள்ளையின் கை அது.

எனக்கு என் தம்பியின் ஞாபகம் வருகிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது நாங்களும் நடந்து தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில், இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டுப் பூசை நடக்கும். தூபக் கலசம் எங்கே இருந்தது? தம்பி ஒரு பால்மா ரின்னை எடுத்து, ஆணியால் சுற்றிவர ஓட்டை போட்டு, கம்பி கட்டினான். முதல் ஞாயிறே கம்பி கழன்று கரி எல்லாம் நிலத்தில். அவனுக்கு 12 வயது, அழுகிற மாதிரி நின்றான். பூசை வைத்துக்கொண்டிருந்த சுவாமி இறங்கி வந்து, கரியைச் செருப்புக்காலால் மிதித்து நூர்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பப் போய் விட்ட இடத்தில் இருந்து செபத்தைத் தொடங்கினார். அடுத்த ஞாயிறு அந்த ரின்னை எடுத்துத் தம்பியின் கையிலேயே கொடுத்தார். கம்பியை மட்டும் அவரே இரண்டாகத் திரித்துக் கட்டியிருந்தார். தம்பி இன்று வெளிநாட்டில், தலை நரைத்துவிட்டது. எத்தனையோ இழந்தோம், ஆனால் அந்த நாட்களைப் பற்றிக் கதை வந்தால் அவன் முதலில் சொல்வது அந்த இரண்டாவது ஞாயிறைத்தான்.

உங்கள் மகனுக்கும் அந்த இரண்டாவது ஞாயிறு வேண்டும். அதை நீங்கள் கொடுக்க முடியாது தங்கச்சி, அதனால்தான் வற்புறுத்த வேண்டாம் என்கிறேன். அம்மா அனுப்பி வந்தவனாக அவன் பீடத்தில் நிற்கக் கூடாது. பீடத்தில் இருந்து அவனைக் கூப்பிட வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, பங்குத்தந்தையைத் தனியாகச் சந்தித்து நடந்ததைச் சொல்வது. ஏசிய பெரியவரைப் பற்றி முறைப்பாடு செய்கிற மாதிரிப் போகாதீர்கள். அவரும் அந்த ஆலயத்துக்காக ஓடித் திரிகிறவராகத்தான் இருப்பார், கம்பளத்தின் கவலையில் வாய் தவறியிருக்கும். ஆனாலும் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்ன சொல் அது. மற்றப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஒரு நல்ல சொல்லால் அதை மாற்ற வேண்டும் என்று பாதரிடம் தெளிவாகக் கேளுங்கள். பிறகு பாதரோ, பீடப்பணியாளர் மன்றத்துக்குப் பொறுப்பான அண்ணாவோ, மகனை நேரில் கூப்பிட வேண்டும். முதலில் சனம் குறைந்த கிழமை நாள் பூசை போதும். தண்ணீரும் இரசமும் எடுத்துக் கொடுக்கட்டும், குருவானவர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கட்டும். ஆறு வருடம் செய்த வேலை, கை தானாகப் போகும். அதற்குப் பிறகு ஒரு சனி பின்னேரம், வெறும் ஆலயத்தில், கரி இல்லாமல் தூபக் கலசத்தைப் பிடித்துப் பழகட்டும். கடைசியில் ஒருநாள் கரியோடு அவனே பிடிக்க வேண்டும். தூபத்தை மட்டும் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இவனை மெழுகுதிரியோடு நிற்பாட்டினால் அந்த ஏச்சு உண்மை என்றாகிவிடும். இதையும் பாதரிடம் சொல்லி வையுங்கள்.

அப்பாவின் கவலையையும் நான் தள்ளவில்லை. சாதாரண தரப் பரீட்சை எங்கள் ஊரில் பிள்ளைக்கு மட்டும் வருகிற பரீட்சையா, வீட்டுக்கே வருகிறது. ஆனால் பூசைக்கு ஒரு மணித்தியாலம், ஆயத்தத்துக்கு அரை மணித்தியாலம், கிழமையில் மொத்தம் அவ்வளவுதான். பரீட்சை முடியும் மட்டும் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் அவனுடைய முறை வரும்படி பட்டியலை மாற்றச் சொல்லலாம். உங்கள் பங்கில் சனி மாலைத் திருப்பலி இருந்தால் இன்னும் நல்லது, திருச்சபைச் சட்டப்படி அது ஞாயிறுக் கடமைக்குச் சரி. இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கவனிப்பது, ஐந்நூறு பேர் பார்க்கும்போது பதறாமல் நடப்பது, இதெல்லாம் எந்த ரியூசனிலும் சொல்லிக் கொடுக்கிறதில்லை. உங்கள் மகன் அதை ஒன்பது வயதில் தொடங்கியவன்.

மாமியை விட்டுவிடாதீர்கள், அவ இதில் உங்களுக்குத் துணையாக வரக்கூடியவ. 75 வயது என்றால் அவவின் சின்ன வயதில் பூசை இலத்தீனில். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதானே தமிழில் வந்தது. அந்தக் காலத்துப் பொடியன்கள் அர்த்தம் விளங்காமலே பதில்களை மனப்பாடம் செய்தார்கள். பூசைத் தொடக்கத்தில் பீடத்து அடியில் நின்று குருவானவர் "இந்த்ரோயிபோ ஆத் அல்தாரே தேயி", இறைவனின் பீடத்துக்குப் போவேன், என்பார். அதற்குப் பீடப் பையன் சொல்லும் பதில், "என் இளமையை மகிழ்விக்கும் இறைவனிடம்" என்பது. சங்கீதத்தில் இருந்து வந்த வரி. எத்தனை நூற்றாண்டாக எத்தனை பையன்களின் வாயால் வந்த பதில்! அதை எத்தனை பேர் நாக்குப் பிரளப் பிழையாகச் சொல்லியிருப்பார்கள்? மாமியின் அண்ணன் தம்பிமார், கூடப் படித்தவர்கள் யாராவது பீடத்தில் நின்றிருப்பார்கள். அவர்கள் விட்ட பிழைகளைப் பற்றி மகனுக்கு முன்னால் அவவிடம் கேளுங்கள். கதை கதையாக வரும். நெருப்பு விழுந்த சகுனத்தைவிட அந்தக் கதைகள் மகனின் காதில் விழட்டும். அப்பம்மா சிரித்தாவென்றால் அரைவாசிப் பாரம் இறங்கிவிடும்.

சின்னவளின் விசயம் சுருக்கம். பெண் பிள்ளைகள் பீடத்தில் பணி செய்யலாம் என்று 1994இலேயே வத்திக்கான் சொல்லிவிட்டது, முடிவை அந்தந்த மறைமாவட்ட ஆயரிடம் விட்டது. 2021 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ், வளர்ந்தவர்களுக்கு முறைப்படி வழங்கும் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும்கூடப் பெண்களுக்குத் திறந்துவிட்டார். ஆகவே மாமி ஏதும் கேட்டாவென்றால் தயங்காமல் பதில் சொல்லலாம். உங்கள் பங்கில் வழக்கம் எப்படி என்று பாதரிடமே கேளுங்கள். நான் சிறுமியாக இருந்தபோது இதைக் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மகளுக்கு வந்திருக்கிறது, எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா. ஆனால் ஒரு நிபந்தனை. "அண்ணா போகாட்டி" என்பதை வெட்டிவிடுங்கள். அவள் அண்ணாவின் இடத்துக்குப் போகக் கூடாது, தன் இடத்துக்குப் போகட்டும். முடிந்தால் மணி அடிக்கவும் முழந்தாளிடவும் அண்ணாவே வீட்டு விறாந்தையில் சொல்லிக் கொடுக்கட்டும். கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டான் என்று நினைக்கிறேன்.

பாதரைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் மகனிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். 15 வயதுப் பொடியன், இந்த ஏழு கிழமையிலேயே ஒரு விரலளவு வளர்ந்திருப்பான். ஒரு பின்னேரம் தையல் பெட்டியோடு இருந்துகொண்டு, அங்கியின் கீழ் மடிப்பைக் கொஞ்சம் அவிழ்த்து விட வேண்டுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா