மூலக்குறியைப் பின்ன அடுக்காக மாற்றினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தப் பதில்களில் ^ குறிக்கு வலப்புறம் இருப்பது அடுக்கு, இடப்புறம் இருப்பது அடிமானம். எண்களுக்குப் பதிலாக வரும் க, ச என்ற எழுத்துகள், வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், மிகையெண்களைக் குறிக்கும்.

8^(2/3) என்பதில் எது மூலம், எது படி? தேர்வில் அடிக்கடி இடம் மாறிவிடுகிறது.

பின்னத்தின் பகுதி மூலத்தின் வரிசையைச் சொல்லும். தொகுதி படியைச் சொல்லும். காரணம் தெரிந்திருந்தால் இது மாறாது. 5^(1/2)-ஐ அதனாலேயே பெருக்கினால் அடுக்குகள் கூடி 1/2 + 1/2 = 1 ஆகும்; விடை 5. தன்னைத் தானே பெருக்கி 5 தரும் மிகையெண் √5. ஆகவே 1/2 என்ற அடுக்கு வர்க்கமூலத்தைத் தவிர வேறெதையும் குறிக்க முடியாது. அதேபோல் 1/3 கனமூலம், 1/4 நான்காம் மூலம்.

கையால் கணக்கிடும்போது முதலில் மூலம், பிறகு படி. 81^(3/4)-க்கு 81-இன் நான்காம் மூலம் 3, அதன் கனம் 27. படியை முதலில் எடுத்தாலும் விடை அதுதான்; ஆனால் 81³ = 5,31,441 என்ற எண்ணுக்கு நான்காம் மூலம் தேட வேண்டியிருக்கும்.

விடைத்தாள்களில் அதிகம் வரும் பிழை 8^(2/3) = 8 × 2/3 = 16/3 என்று பெருக்கிவிடுவது. சரியான விடை 4. கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் 8^2/3 என்று தட்டினால் 64/3, அதாவது 21.33 வரும். அடுக்கு பின்னமாக இருந்தால் அடைப்புக்குறி கட்டாயம்.

√ குறி இருக்கும்போது இன்னொரு முறை எதற்கு?

மூலக்குறியோடு வேலை செய்தால் பெருக்கலுக்கு ஒன்று, வரிசை மாற்றத்துக்கு ஒன்று, மூலத்துக்குள் மூலத்துக்கு ஒன்று எனத் தனித்தனி விதிகளை நினைவில் வைக்க வேண்டும். பின்ன அடுக்காக எழுதியதும் அவையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே அறிந்த அடுக்கு விதிகளாகிவிடும். எஞ்சுவது பின்னங்களைக் கூட்டிக் கழிக்கும் வேலைதான். √ குறி 1525-இல் கிறிஸ்டோஃப் ருடால்ஃபின் இயற்கணித நூலில் அச்சேறியது. நியூட்டன் 1676-இல் லைப்னிட்ஸுக்காக எழுதிய கடிதத்தில் வர்க்கமூலத்தை 1/2 என்ற அடுக்காகவே எழுதினார். ஈருறுப்புத் தேற்றத்தைப் பின்ன அடுக்குகளுக்கும் விரித்துக் காட்ட அவருக்கு அந்த வடிவம் தேவைப்பட்டது.

√2 × ∛2 எவ்வளவு? √3 × ∛2 எவ்வளவு? இரண்டும் ஒரே முறைதானா?

கிட்டத்தட்ட. முதல் கணக்கில் அடிமானம் ஒன்றே: 2^(1/2 + 1/3) = 2^(5/6). மூலக்குறியில் எழுதினால் ⁶√32.

இரண்டாவதில் அடிமானங்கள் வேறு. அடுக்குகளைக் கூட்டக் கூடாது. 2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6 என்பதால் இரண்டு அடுக்குகளையும் ஆறில் எழுதுங்கள்: 3^(3/6) × 2^(2/6). இப்போது வரிசை ஒன்றாகிவிட்டதால் 27 × 4-ஐ ஒரே குறிக்குள் சேர்க்கலாம். விடை ⁶√108.

இரு மூலங்களில் எது பெரியது என்று பார்க்கவும் இதே வழிதான். √3-உம் ∛5-உம் ஆறாம் மூலமாக மாறினால் ⁶√27, ⁶√25. தசமம் தேடாமலே √3 பெரியது என்று தெரிகிறது.

∛(54க⁷ச⁴)-ஐச் சுருக்கும்போது எதை வெளியே எடுப்பது, எதை உள்ளே விடுவது?

எண்ணைப் பகாக் காரணிகளாக்குங்கள்: 54 = 2 × 3³. எல்லா அடுக்குகளையும் 3-ஆல் வகுங்கள். 3-இன் அடுக்கு 3/3 = 1; 2-இன் அடுக்கு 1/3; க-வின் அடுக்கு 7/3, அதாவது 2 முழு, 1/3 மீதி; ச-வின் அடுக்கு 4/3, அதாவது 1 முழு, 1/3 மீதி. முழுப்பகுதி வெளியே வரும், மீதி உள்ளே நிற்கும். விடை 3க²ச ∛(2கச).

பலர் 54-ஐ 6 × 9 என்று பிரித்து, 9 முழு வர்க்கம் என்பதால் 3-ஐ வெளியே எடுத்துவிடுகிறார்கள். கனமூலத்தில் வெளியே வர மூன்று ஒத்த காரணிகள் வேண்டும்.

(16/81)^(−3/4) என்ற கணக்கில் விடை குறையெண்ணாகத்தானே வர வேண்டும்?

இல்லை. அடுக்கிலுள்ள கழித்தல் குறி பின்னத்தைத் தலைகீழாக்கும். விடையின் குறியை மாற்றாது. (81/16)^(3/4) = (3/2)³ = 27/8.

(−8)^(1/3) = −2. ஆனால் 1/3-ஐ 2/6 என்று எழுதி, முதலில் வர்க்கப்படுத்தினால் 64-இன் ஆறாம் மூலம் 2 வருகிறது. எது சரி?

−8-இன் மெய்க் கனமூலம் −2, அதில் ஐயமில்லை. தவறு நடந்தது 2/6-ஐப் படியாகவும் மூலமாகவும் பிரித்த இடத்தில். (க^ம)^(1/ப) = க^(ம/ப) என்ற விதி (ம படி, ப மூலத்தின் வரிசை) க மிகையெண்ணாக இருக்கும்போதுதான் தடையின்றிச் செல்லும். வர்க்கப்படுத்தியதும் கழித்தல் குறி அழிந்துவிடுகிறது. பிறகு எடுக்கும் இரட்டை வரிசை மூலம் அதைத் திருப்பித் தராது. அடிமானம் குறையெண் என்றால் அடுக்கை முதலில் சுருக்கிய வடிவுக்குக் கொண்டுவாருங்கள். பகுதி ஒற்றையெண் என்றால் மெய் விடை உண்டு. இரட்டையெண் என்றால் மெய்யெண்களில் விடை இல்லை.

இதே காரணத்தால்தான் √(க²) = க என்று எழுதுவது எப்போதும் சரியாகாது. க = −3 என்றால் √9 = 3; −3 அல்ல. க-வின் குறி தெரியாதபோது விடை |க|, அதாவது க-வின் மட்டு மதிப்பு. ⁸√(16க⁴)-ஐச் சுருக்கினால் √(2|க|) என்று வருவதும் இதனால்தான். அங்கே மட்டுக் குறியை விட்டுவிட்டால், க குறையெண்ணாகும்போது விடை மெய்யெண்ணே அல்லாமல் போகும். கொடுத்த கோவைக்கோ அப்போதும் மெய் மதிப்பு உண்டு.

கணினி நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: பைத்தானில் அடிமானத்தை அடைப்புக்குறிக்குள் −8 எனத் தந்து 1/3 அடுக்கு கேட்டால் −2 வராது, ஏறத்தாழ 1 + 1.732𝑖 என்ற கலப்பெண் வரும் (𝑖 என்பது √(−1)). அதுவும் −8-இன் ஒரு கனமூலம்தான். மெய் மூலம் வேண்டுமென்றால் 8-க்கு மூலம் எடுத்துப் பிறகு கழித்தல் குறி இடுங்கள்.

√(க ∛(க ∜க)) போன்று ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதை எப்படிப் பிரிப்பது?

உள்ளிருந்து வெளியே வாருங்கள். கடைசி உறுப்பு க^(1/4). அதன் முன்னுள்ள க-வோடு பெருக்கினால் 5/4. கனமூலம் எடுத்தால் 5/12. வெளியேயுள்ள க-வோடு பெருக்கினால் 17/12. வர்க்கமூலம் எடுத்தால் 17/24. விடை க^(17/24).

1/2 + 1/3 + 1/4 = 13/12 என்று கூட்டுவதுதான் இங்கே வழக்கமான தவறு. உள்ளே இருக்கும் க எல்லா வெளி மூலங்களையும் தாண்டித்தான் வர முடியும். அதனால் உண்மையான கூட்டல் 1/2 + 1/6 + 1/24. சரிபார்க்க எளிய வழியும் இருக்கிறது: ஒவ்வோர் உறுப்பின் அடுக்கும் முந்தையதைவிடச் சிறியதாக வர வேண்டும், மொத்தம் 1-ஐத் தாண்டக் கூடாது.

√(க² + 16) = க + 4 என்று எழுதினால் மதிப்பெண் குறைக்கிறார்கள். ஏன்?

க = 3 என்று இட்டுப் பாருங்கள். இடப்பக்கம் √25 = 5; வலப்பக்கம் 7. அடுக்கு பெருக்கல், வகுத்தல் மீது பரவும். கூட்டல், கழித்தல் மீது பரவாது. இந்த முறையின் எல்லையே இதுதான், இதை மறக்கக் கூடாது. மூலக்குறிக்குள் கூட்டல் இருந்தால் காரணிப்படுத்த முடிகிறதா என்று பாருங்கள், அல்லது வர்க்க வடிவைத் தேடுங்கள். √(5 + 2√6)-இல் கூட்டினால் 5, பெருக்கினால் 6 தரும் எண்கள் 3, 2. எனவே அது √3 + √2.

கூட்டலுள்ள மூலங்கள் எவ்வளவு ஆழமானவை என்பதற்கு ராமானுஜன் கண்ட ஒரு முற்றொருமை போதும்: ∛(∛2 − 1) = ∛(1/9) − ∛(2/9) + ∛(4/9). இருபுறமும் ஏறத்தாழ 0.638. வலப்பக்கத்தைக் கனப்படுத்தி நீங்களே மெய்ப்பிக்கலாம். பொறுமை மட்டும் வேண்டும்.

6/∛9-இன் பகுதியை விகிதப்படுத்த, அதாவது பகுதியிலுள்ள மூலக்குறியை நீக்க, ∛9-ஆல் மேலும் கீழும் பெருக்கினேன். கீழே ∛81 வந்து நிற்கிறது.

வர்க்கமூலத்துக்கான பழக்கத்தைக் கனமூலத்துக்குக் கொண்டுவந்ததால் வந்த தடங்கல். ∛9 = 3^(2/3). அடுக்கு முழு எண்ணாக இன்னும் 1/3 தேவை. ஆகவே பெருக்க வேண்டியது 3^(1/3). மேலே 6∛3, கீழே 3, விடை 2∛3.

பகுதியில் ∛2 − 1 போலக் கழித்தல் இருந்தால், கன வித்தியாசத்தின் சூத்திரத்தைப் பயன்படுத்தி ∛4 + ∛2 + 1-ஆல் பெருக்குங்கள். கீழே 2 − 1 = 1 ஆகிவிடும். ∛2 + 1 என்ற இணையால் பெருக்கினால் ∛4 − 1 கிடைக்கும். மூலம் அப்படியே இருக்கும்.

பாடத்துக்கு வெளியே 3/2 போன்ற அடுக்கு எங்காவது வருமா?

1619-இல் கெப்ளர் வெளியிட்ட மூன்றாம் விதியில் வருகிறது: கோளின் சுற்றுக்காலத்தின் வர்க்கம் அதன் சராசரித் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதம். பூமியின் ஆண்டையும் சூரியனிலிருந்து அதன் தொலைவையும் அலகாகக் கொண்டால், சுற்றுக்காலம் = தொலைவு^(3/2). செவ்வாயின் தொலைவு 1.524. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.2345, அதை 1.524-ஆல் பெருக்கினால் 1.881 ஆண்டு, அதாவது சுமார் 687 நாள்.