அமெரிக்காவில் கருப்பினத்தவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் அதிகமாமே, அது மரபணுவாலா, ஏழ்மையாலா?

இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் ஏழ்மை என்பேன். அதிலும் பர்ஸில் இருக்கும் ஏழ்மையோடு, குடியிருக்கும் தெருவின் ஏழ்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருப்பவன். பக்கத்தில் பால்டிமோர் நகரில் நடந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகுதான் இது எனக்குத் தெளிவானது.

அமெரிக்காவில் ஏழை வெள்ளையரும் ஏழைக் கருப்பரும் பெரும்பாலும் ஒரே பகுதியில் வசிப்பதில்லை. நாடு முழுக்க இரு இனத்தாரின் நோய்க் கணக்கை ஒப்பிட்டால், உண்மையில் இரண்டு விதமான பேட்டைகளை ஒப்பிட்டுவிட்டு அதற்கு இனம் என்று பெயர் வைக்கிறோம். தாமஸ் லாவிஸ்ட் என்ற ஆய்வாளரின் குழு தென்மேற்கு பால்டிமோரில் இரு இனத்தாரும் கலந்து, ஏறக்குறைய ஒரே வருமானத்தில் வாழும் இரண்டு வட்டாரங்களைத் தேடிப் பிடித்தது. 2003-ல் அங்கே 1,489 பேரிடம் விவரம் கேட்டு, ரத்த அழுத்தமும் அளந்தார்கள். சர்க்கரை நோய் கருப்பரிலும் சுமார் 10 சதவீதம், வெள்ளையரிலும் சுமார் 10. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்! வேறோர் ஆய்வில், ஏழைப் பகுதியில் வாழும் ஏழை வெள்ளையருக்கு, வசதியான பகுதியில் வாழும் வசதியான வெள்ளையரைவிட சர்க்கரைக்கான வாய்ப்பு ஆட்ஸ் கணக்கில் (நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள விகிதத்தில்) சுமார் இரண்டரை மடங்கு.

பேட்டை எப்படி நோயைத் தரும்? பால்டிமோர் 1910-லேயே எந்தத் தெருவில் எந்த இனத்தார் குடியிருக்கலாம் என்று சட்டம் போட்ட ஊர். அந்த மாதிரிச் சட்டங்கள் செல்லாது என்று 1917-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 1930-களில் வீட்டுக் கடனுக்காக மத்திய அரசு நிறுவனம் ஒன்று போட்ட வரைபடங்களில், கருப்பர் வாழும் பகுதிகள் பெரும்பாலும் 'ஆபத்து' என்று சிவப்பில் குறிக்கப்பட்டன. இப்படி முத்திரை விழுந்த பகுதிகளில் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு. கடன் இல்லாமல் வீடுகள் பாழடைந்தன, வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள், கடைகளும் பின்னாலேயே போயின. இன்றும் மேற்கு பால்டிமோரின் சில தெருக்களில் இருப்பது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சிப்ஸும் சோடாவும் விற்கும் மூலைக்கடைதான். கீரை வாங்க பஸ் ஏற வேண்டும். இருட்டிய பிறகு வாக்கிங் போகச் சொல்லும் டாக்டர் அந்தத் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

பிரஷர் கதை கொஞ்சம் வேறு. அதே பால்டிமோர் வட்டாரங்களில் பிரஷர் இடைவெளி குறைந்ததே தவிர மறையவில்லை. வெள்ளையரோடு ஒப்பிட்டால் கருப்பருக்கு வாய்ப்பு அதே ஆட்ஸ் கணக்கில் 1.42 மடங்காக இருந்தது. நாடு தழுவிய கணக்கில் அது 2 மடங்கு. மிச்சம்தான் மரபணு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 1990-களில் ஒரே மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை மூன்று இடங்களில் அளந்து பார்த்தார்கள்: மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், கரீபியனில் 26, அமெரிக்காவில் 33. வம்சம் ஒன்று, ஊர் மாற மாற எண் ஏறுகிறது. மிச்சத்தில் பெரும் பங்கு நிறத்துக்காக வாழ்நாள் முழுக்கப் படும் அவமானமும் பதற்றமும் என்பது என் ஊகம்.

சரி, இடம் மாறினால் குறையுமா? 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஏழ்மை குறைந்த பகுதியில் குடியேற வாடகை உதவி கொடுத்தார்கள். பெரும்பாலும் கருப்பினப் பெண்களும் ஹிஸ்பானியப் (லத்தீன் அமெரிக்க வம்சாவளிப்) பெண்களும் நடத்திய குடும்பங்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தால், உதவி கிடைத்த பெண்களிடம் மிகைப் பருமனும் சர்க்கரையும் குறைவு. சர்க்கரையில் வித்தியாசம் 4 சதவீதப் புள்ளிகளுக்குமேல். இத்தனைக்கும் உதவி கிடைத்தவர்களில் பாதிப் பேர்கூட அதைக் கொண்டு வீடு மாறவில்லை.

மரபணுவுக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்மவர்களையே பாருங்கள். நல்ல பள்ளி, நல்ல பூங்கா உள்ள புறநகரில் குடியிருந்தும் சர்க்கரை வருகிறது. மற்றவர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 25-ஐ எட்டி, வேறோர் ஆபத்துக் காரணியும் இருந்தால் சர்க்கரைப் பரிசோதனையைப் பரிசீலிக்கச் சொல்லும் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், ஆசிய வம்சாவளியினருக்கு 23-லேயே அதைச் செய்யச் சொல்கிறது.