வாசகர் கேள்வி பதில்: படம் போனது, ஸ்டில் இருக்கிறது

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தொடக்க காலத் திரைப்பட ஸ்டில்களை இணைய ஏலங்களில் பார்க்கிறேன். படங்களே கிடைக்காதபோது ஸ்டில்களை மட்டும் சேர்ப்பதால் என்ன பயன்? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: படங்கள் கிடைக்கவில்லை என்பதுதான் ஸ்டில்களைச் சேர்ப்பதற்கு முதற்காரணம். 1910களின் நடுப்பகுதி முதல் 1950களின் தொடக்கம் வரை, கறுப்பின நடிகர்களைக் கொண்டு கறுப்பினப் பார்வையாளர்களுக்காக ஏறத்தாழ 500 படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் 100கூட இன்று எஞ்சவில்லை. சிறு நிறுவனங்களிடம் பிரதிகள் சிலவே இருந்தன. அவை ஊர் ஊராக ஓடித் தேய்ந்தன, எளிதில் எரியும் நைட்ரேட் சுருள்களாக இருந்ததால் அழிந்தும் போயின. 1916இல் ஓமஹா நகரில் ஜான்சன் சகோதரர்கள் தொடங்கிய லிங்கன் மோஷன் பிக்சர் நிறுவனத்தின் படைப்புகளில், 1921இல் எடுத்த ஒரு படத்தின் சில நிமிடத் துண்டு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மற்றவற்றில் யார் நடித்தார்கள், எப்படி உடுத்தியிருந்தார்கள் என்பதை ஸ்டில்களையும் அக்காலச் செய்தித்தாள் விளம்பரங்களையும் வைத்துத்தான் அறிய வேண்டியுள்ளது. தமிழின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ நம் கைக்கு வராமலே போனதை நினைத்துப் பார்த்தால், இந்த இழப்பின் அளவு நமக்குப் புரியும்.

கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1920இல் வெளியிட்ட ‘விதின் அவர் கேட்ஸ்’ தொலைந்துவிட்டதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் ஸ்பெயினில் ஒரு பிரதி கிடைத்து, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993இல் அதைச் சீரமைத்தது. இன்னொரு நிகழ்வு ஸ்டில்களின் மதிப்பை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1913இல் புகழ்பெற்ற கறுப்பின மேடைக் கலைஞர் பெர்ட் வில்லியம்ஸ் நடித்து, முடிக்கப்படாமல் நின்றுபோன ஒரு படத்தின் சுருள்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் கிடந்தன. அவை ஒழுங்குபடுத்தப்பட்டு 2014இல் மக்கள் பார்வைக்கு வந்தபோது, படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த நிழற்படங்களும் உடன் வைக்கப்பட்டன. கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாக்கிய அக்கால மேடை வழக்கப்படி வில்லியம்ஸ் மட்டும் முகத்தில் கரி பூசியிருக்க, சுற்றியிருந்த கறுப்பின நடிகர்கள் தம் இயல்பான முகத்தோடும் நல்ல உடையோடும் நிற்கிறார்கள். அக்காலத்தின் இழிவும் அதனுள்ளேயே துளிர்த்த தன்மதிப்பும் ஒரே நிழற்படத்துக்குள் இருப்பதால், மனம் வருந்தினாலும் இத்தகைய நிழற்படங்களை ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: அசல் ஸ்டில்லையும் பின்னாளில் எடுத்த நகலையும் எப்படிப் பிரித்தறிவது? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள், விற்பவர் அதைக் காட்டாவிட்டால் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். நிறுவன முத்திரை, ஒட்டப்பட்ட விளம்பரக் குறிப்பு, பத்திரிகை அலுவலகத்தின் தேதி, பென்சிலால் எழுதிய பெயர் ஆகியவைதாம் ஒரு முகத்தை ஒரு படத்தோடு இணைக்கின்றன. மூலை மடங்கிப் பெயரோடு வரும் ஸ்டில்லை, பளபளப்பாகப் பெயரின்றி வருவதைவிட உயர்வாகவே நான் மதிப்பேன். அக்கால ஸ்டில்கள் பெரும்பாலும் 8க்கு 10 அங்குல வெள்ளி ஜெலட்டின் பிரதிகள், அதாவது வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் படலம் பூசிய தாளில் எடுத்த கறுப்பு வெள்ளை நிழற்படங்கள். அவற்றின் இருண்ட பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், நீலச் சாயலுள்ள வெள்ளிப் பூச்சுப் போன்ற மினுமினுப்பு படிந்திருக்கலாம். புற ஊதா விளக்கொளியில் தாள் நீலமாகப் பளிச்சிட்டால், அது வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்த தாள். அத்தகைய தாள்கள் 1950களில்தான் பரவலாயின என்பதால், 1920களின் அசல் என்ற கூற்றை நம்ப வேண்டியதில்லை. பளிச்சிடாததால் மட்டும் அசல் என்று முடிவுகட்டவும் வேண்டாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் மையால் அச்சிட்ட பிரதி.

அடையாளம் தெரியாத கறுப்பினத்தவர் ஒருவரின் ஸ்டுடியோ படத்தை ‘திரை நட்சத்திரம்’ என்று விற்பவர்களும் உண்டு. ‘சிகாகோ டிபெண்டர்’, ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ போன்ற கறுப்பினச் செய்தித்தாள்களின் பழைய இதழ்களில் வந்த விளம்பரங்களோடு ஒப்பிடுங்கள். லிங்கன் நிறுவனத்தின் ஜார்ஜ் ஜான்சன் வாழ்நாள் முழுதும் திரட்டிய ஆவணங்கள் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இவற்றைப் பாதுகாக்க முடியுமா? (வாசகர், பிடோக்)

பதில்: முடியும், ஆனால் நம் சிங்கப்பூரின் ஈரப்பதம்தான் பெரிய பகை. வெளியே அது பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஸ்டில்களுக்கோ 30 முதல் 50 விழுக்காடுதான் ஏற்றது. இரவில் மட்டும் குளிரூட்டியைப் போட்டுப் பகலில் அணைப்பதால் ஏற்படும் ஏற்ற இறக்கமும் ஜெலட்டின் படலத்துக்குக் கேடு. கேமரா லென்ஸ்களுக்காக இங்கே விற்கும் மின்சார டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) போதுமானது. அளவை 40 விழுக்காட்டை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டில்லையும் பாலியெஸ்டர் உறையிலோ அமிலமற்ற தாள் உறையிலோ இடுங்கள்; பிவிசி உறை வேண்டவே வேண்டாம். சுவரில் மாட்ட விரும்பினால் ஸ்கேன் செய்த நகலை மாட்டிவிட்டு, அசலை இருட்டில் வையுங்கள். பழைய நைட்ரேட் நெகட்டிவ்கள் ஏலத்துக்கு வந்தால், எவ்வளவு அரியவையானாலும் வாங்காதீர்கள். அவை தீப்பற்றக்கூடியவை, அடுக்குமாடி வீட்டில் வைத்திருக்கத் தக்கவை அல்ல.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வாங்கினால் வரி உண்டா? (வாசகி, ஈசூன்)

பதில்: உண்டு. 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு அது இறக்குமதியின்போது விதிக்கப்படும். அதற்குக் குறைந்தவற்றுக்கு, பதிவுபெற்ற இணையத் தளமாக இருந்தால், 2023 முதல் விற்பனையின்போதே வசூலிக்கப்படுகிறது. ஏலத்தில் விலை கேட்கும்போதே இதையும் அஞ்சல் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.