சீசர் பெரிய தளபதியா?

கேள்வி: ஜூலியஸ் சீசரின் போர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரே எழுதிவைத்தது. அதை நம்பி அவரை மாபெரும் தளபதி என்று சொல்லலாமா?

பதில்: அவர் சொல்லும் எண்ணிக்கைகளை நம்ப வேண்டாம். இன்றைய பிரான்ஸில் இருந்த அலேசியா என்ற கோட்டை நகரை அவர் முற்றுகையிட்டபோது அதை உடைக்க இரண்டரை லட்சம் காலாட்கள் வந்தார்கள் என்கிறார். அத்தனை பேருக்கு யார் சோறு போடுவது? ஆனால் மண்ணை நம்பலாம். கி.மு. 52-இல் அவர் வெட்டிய அகழிகளின் தடத்தை 1860-களில் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருந்த எதிரிகளின் தலைவர் வெர்சிஞ்செடோரிக்ஸை அடைக்க ஏறக்குறைய 16 கி.மீ. அரண், வெளியிலிருந்து வரும் படையைத் தடுக்க 21 கி.மீ. இன்னொன்று. முன்னால் மூன்றடிக் குழிகள். ஒவ்வொன்றிலும் நெருப்பில் கருக்கிக் கூராக்கிய தொடைப் பருமனுள்ள கழி, மேலே தழை போட்டு மூடியது. மண்வெட்டியை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய தளபதி அந்தக் காலத்தில் வேறு யார்?

முன்யோசனை என்று பார்த்தால் அவருக்கு நான் குறைந்த மதிப்பெண்தான் போடுவேன். கி.மு. 55-இல் பிரிட்டன் கரையில் கப்பல்களைப் புயலுக்குக் கொடுத்தார். மறு வருஷமும் போய் நங்கூரமிட்டு நிறுத்தி, 40 கப்பல்களை இழந்தார். பிரான்ஸிலேயே இன்னொரு கோட்டை நகரான கெர்கோவியாவைத் தாக்கியபோது 46 செஞ்சூரியன்களும் (சிறு படைப்பிரிவுத் தலைவர்கள்) 700-க்குச் சற்றுக் குறைவான வீரர்களும் மாண்டதை அவரே எழுதுகிறார். பழியை மட்டும் வீரர்களின் ஆவேசத்தின் மேல் போட்டுவிட்டார். அப்புறம் ரோமின் உள்நாட்டுப் போரில், எதிர்த்தரப்புத் தளபதி பாம்ப்பியோடு மோதிய டிராக்கியம் துறைமுகம்: தன்னைவிடப் பெரிய படையைச் சுற்றி வளைக்கப் போய், தானியம் தீர்ந்து, வீரர்கள் ஏதோ ஒரு வேரைப் பாலில் பிசைந்து தின்றார்கள். கடைசியில் பாம்ப்பி அரணை உடைத்துக்கொண்டு வந்து அவர்களை ஓடவிட்டார்.

ஆனால் அடுத்த சில வாரங்களைப் பாருங்கள். ஓடிய அதே படையை கிரேக்கத்தின் பார்சலஸில் பாம்ப்பிக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினார். எதிரே 7,000 குதிரைகள், இவரிடம் சுமார் 1,000. மூன்றாம் வரிசையிலிருந்து ஆறு பிரிவுகளைப் பிரித்து வலப்பக்கம் நான்காம் வரிசையாக நிறுத்தினார். பாய்ந்து வந்த குதிரைப்படை அந்தக் காலாட்களிடம் சிதறியது. பாம்ப்பியின் இடப்பக்கம் திறந்துகொண்டது. அடிபட்ட இடத்திலிருந்து இவ்வளவு வேகமாக எழுந்தவர் ரோமில் வேறு யாரும் இல்லை என்பேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். பாம்ப்பியின் பக்கம் நின்றவர் லாபியனஸ். சீசரின் கீழ் பல வருஷம் துணைத் தளபதியாக இருந்து, அவருடைய போர்முறை முழுவதும் அறிந்தவர். அவராலும் அந்த ஆறு பிரிவுகளை முன்கூட்டிக் கணிக்க முடியவில்லை.